அவென்யூவுக்கு அடுத்த தெருவில் குடியிருப்பவர்கள், உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

பின்தெருக்காரன்:

சென்னை அண்ணா நகர் இரண்டாவது அவென்யூவை ஒட்டிய உள்தெரு எங்களுடையது. அவென்யூவைப் பார்த்த மனைக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு வீடு. அந்த வீட்டின் கதையைத்தான் எழுத வந்தேன்.

1968-ல் வர்த்தகக் கண்காட்சி நடந்த பகுதி இது. அதைச் சுற்றி வீட்டு வசதி வாரியம் மனை போட்டு விற்றபோது அப்பா வாங்கினார். அப்போது அவென்யூவிலும் வீடுகள்தான். இன்று துணிக்கடை, பிரியாணிக்கடை, பல் மருத்துவமனை, காபிக்கடை. 2017-லிருந்து கீழே மெட்ரோவும் ஓடுகிறது. பெரிய சாலையில் கடை வரத்தான் செய்யும், அதில் எனக்குச் சண்டை இல்லை. அது பின்பக்கமாக எங்கள் தெருவுக்குள் இறங்கினால்தான் தொல்லை.

அவென்யூவில் ஒரு பெரிய உணவகம் வந்தது. பேர் வேண்டாம். அடுத்த வருடம் அவர்களே பின்னால் இருந்த வீட்டையும் வாங்கினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு மனைக்கும் நடுவே இருந்த காம்பவுண்டு சுவரை இடித்தார்கள். முன்தோட்டத்தில் பேவர் பிளாக் போட்டார்கள். வாசலில் நின்ற வேப்பமரத்தில் ஆணி அடித்து ஒரு பலகை. அதில் வரிசையாகக் கார் சாவிகள். வேலட் பையன்கள் நல்ல பையன்கள்தான், மாமா மாமா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆனால் ராத்திரி பதினொன்றரைக்கு எங்கள் கேட்டுக்கு முன்னால் ரிவர்ஸ் எடுப்பார்கள். சமையலறைப் புகைக்குழாயையும் எங்கள் பக்கம் திருப்பிவிட்டார்கள். மொட்டை மாடியில் காயப்போட்ட துணியில் தாளிப்பு வாசனை.

கேட்கப் போனால் மேனேஜர் ஒரு ஃபைலை நீட்டுவார். அந்தப் பின்வீட்டுக்கு மூன்று காகிதம்: கமர்ஷியல் கட்டண மின் இணைப்பு, வணிகத்துக்கான சொத்து வரி ரசீது, மாநகராட்சித் தொழில் உரிமம். "எல்லாம் கமர்ஷியல்தான் சார், பாருங்க." தெருவே அதைப் பார்த்து அடங்கிவிட்டது. அந்த மூன்றில் எதுவும் திட்ட அனுமதி இல்லை. கடை நடத்தினால் மின்வாரியம் கடைக் கட்டணம் வாங்கும், மாநகராட்சி கடை வரி வாங்கும். அந்த இடத்தில் கடை நடத்தலாமா என்பது வேறு கேள்வி. அதற்குப் பதில் மாஸ்டர் பிளானிலும் (எந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் நகரத் திட்டம்), அங்கீகரித்த கட்டட வரைபடத்திலும்தான் இருக்கிறது.

சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) இணையதளத்தில் கிராமத்தையும் சர்வே எண்ணையும் போட்டால் நிலப்பயன்பாடு தெரியும். பின்வீட்டின் எண்ணைப் போட்டோம். ஆதாரக் குடியிருப்பு உபயோகப் பகுதி. அடுத்து, உணவகக் கட்டடத்தின் அங்கீகரித்த வரைபடத்தை தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கினோம். விஷயமே அதில்தான் இருந்தது. கார் நிறுத்த இடம் அடித்தளத்தில் என்று வரைந்திருக்கிறார்கள். நேரில் அந்த அடித்தளத்தில் அரிசி மூட்டை, ஃப்ரீஸர், ஒரு பார்ட்டி ஹால்.

அதன்பிறகு புகாரையே மாற்றி எழுதினோம். "எங்கள் தெருவில் காரை நிறுத்துகிறார்கள்" என்று எழுதிக்கொண்டிருந்தவரைக்கும் போக்குவரத்துக் காவலர் வந்து நாலு வண்டியை நகர்த்திவிட்டுப் போவார். "அனுமதித்த வரைபடத்தில் உள்ள பார்க்கிங் நேரில் இல்லை, குடியிருப்பு மனை கடைக்குப் பயன்படுகிறது" என்று இரண்டு சர்வே எண்ணையும் போட்டு எழுதியதும் கடைக்கு நோட்டீஸ் போனது. பின்கேட்டை ஹாலோ பிளாக் வைத்து அடைத்தார்கள், ஒரு பண்டிகைக்குத் திறந்தார்கள், மறுபடி அடைத்தார்கள். புகைக்குழாய் இன்னும் எங்கள் பக்கம்தான்.

உங்கள் தெருவில் எப்படி?

அளவுநாடா:

வரைபடம் போடும் வேலையில் இருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாக.

சென்னைக்கு முதல் மாஸ்டர் பிளான் 1975-ல் வந்தது, இரண்டாவது 2008 செப்டம்பரில். 1971-ம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம்தான் இரண்டுக்கும் அடிப்படை. குடியிருப்பில் ஆதாரக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு என்று இரண்டு வகை. முதலாவதில் வீடுகளும், அந்தத் தெருவுக்கு வேண்டிய சின்னக் கடை, பள்ளி மாதிரியானவையும். இரண்டாவதில் கடைகளுக்கு இடம் அதிகம். அதற்கும் மேலே வணிகப் பகுதி. பெரிய சாலைகளில் சிக்கல் எங்கே என்றால், முன்மனை ஒரு வகையாகவும் அதன் முதுகை ஒட்டிய மனை வேறு வகையாகவும் இருக்கும். அந்தக் கோடு வரைபடத்தில் மட்டும்தான். தெருவில் நின்று பார்த்தால் வெறும் காம்பவுண்டு சுவர்.

இந்த வகைக்குப் பின்னால் வேறு விதிகளும் தொங்குகின்றன. சத்தம்: குடியிருப்பில் பகலில் 55 டெசிபல், இரவு பத்து மணிக்குமேல் 45. வணிகப் பகுதியில் 65, 55. ஜெனரேட்டர் சண்டையில் இதுதான் முதல் கேள்வி. இன்னொன்று பலருக்குத் தெரியாது: மாநகராட்சியில் மதுக்கடை கோயிலுக்கும் பள்ளிக்கும் 50 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்று 2003 விதி சொல்கிறது. திட்டக் குழுமம் வணிகப் பகுதி என்று குறித்த இடத்துக்கு அந்தத் தூரம் பொருந்தாது. ஆகவே பக்கத்து மனை குடியிருப்பிலிருந்து வணிகமாக மாறினால் அது அவர் வீட்டு விஷயம் மட்டும் என்று விட்டுவிடாதீர்கள்.

அப்படி மாற்ற ஒருவர் விண்ணப்பித்தால் நாளிதழில் அறிவிப்பு வரும், ஆட்சேபணைக்கு 21 நாள். யாரும் எழுதாவிட்டால் ஆட்சேபணை இல்லை என்றுதான் கோப்பு நகரும். ஏன் யாரும் எழுதுவதில்லை? அறிவிப்பில் தெருப் பெயரைவிட வருவாய்க் கிராமத்தின் பெயர்தான் முன்னால் நிற்கும். "நடுவக்கரை கிராமம், டி.எஸ். (டவுன் சர்வே) எண் இன்னது" என்று போட்டிருப்பார்கள். அண்ணா நகரில் முப்பது வருடம் இருந்தவருக்கும் தான் நடுவக்கரையில் இருப்பது தெரியாது. எங்கோ கிராமத்தில் என்று பக்கத்தைப் புரட்டிவிடுவார்.

முகப்புமனை:

நான் எதிர்த்தரப்பு. திட்டாமல் படியுங்கள்.

எங்கள் மாமனார் வீடு வேறொரு பெரிய சாலையில், சாலையைப் பார்த்தே இருக்கிறது. வாசலில் பஸ் ஸ்டாப். ஜன்னலைத் திறந்தால் கறுப்புத் தூசி, மூடினால் புழுக்கம். படுக்கையறையைப் பின்பக்கம் மாற்றினோம், அப்புறம் நாங்களே மாறினோம். அந்த வீட்டுக்குக் குடித்தனம் வர யாரும் தயாரில்லை. கண்ணாடிக் கடைக்காரர் வந்தார், கொடுத்தோம். முன்மனை என்றாலே பேராசை என்று பேசுவது நியாயம் இல்லை. அந்தச் சாலையை அகலப்படுத்தி நாலு மடங்கு வண்டி விட்டது நாங்கள் இல்லை.

எனக்குள்ள கோபம் வேறு. நாங்கள் முறையாக விண்ணப்பித்து, கட்டணம் கட்டி, காத்திருந்தோம். பக்கத்து மனைக்காரர் எதையும் கேட்காமல் இரண்டு மாடி கூடுதலாக ஏற்றினார். 1999 பிப்ரவரி வரை கட்டியதை அபராதம் வாங்கிக்கொண்டு வரன்முறைப்படுத்த அரசு வழி செய்ததே, நினைவிருக்கிறதா? அவர் அந்த வரிசையில் போய் நின்றார். தனித்தனி ஆளுக்கு அரசு கொடுத்த விதிவிலக்கு ஆணைகளை 2000-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஆனால் இந்த அபராதத் திட்டத்தை ஒரே ஒரு முறைக்கு என்று ஏற்றுக்கொண்டது. அந்த ஒரு முறை அப்புறம் 2007 வரைக்கும் நீண்டது. விதியை மதித்தவருக்கு என்ன மிச்சம்?

பின்தெருக்காரன்:

மேடம், திட்ட மாட்டேன். நீங்கள் சொல்லும் கண்ணாடிக் கடை எங்கள் தெருவில் இருந்தால் நானே கண்ணாடி வாங்குவேன். பின்சுவர் பின்சுவராகவே இருந்தால் போதும்.

அல்சூர்த் தம்பி:

பெங்களூர் இந்திரா நகரில் வாடகைக்கு இருந்தேன். நூறடிச் சாலையும் பன்னிரண்டாவது மெயினும் தெரிந்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், சனிக்கிழமை ராத்திரி கட்டிலே அதிரும். அங்கே 2007-ல் வந்த மாஸ்டர் பிளான், சாலை அகலத்தைப் பார்த்துக் குடியிருப்புப் பகுதிக்குள் கடைக்கு இடம் கொடுத்தது. 40 அடிக்குக் குறைந்த சாலையில் கூடாது என்பதைத்தான் குடியிருப்போர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள்.

அதனால் அங்கே சண்டை டேப்பில் நடக்கும். எங்கள் வீட்டு ஓனர் ஓய்வுபெற்ற இன்ஜினியர், எழுபது தாண்டியவர். அதிகாலையில் டேப்பைப் பிடிக்க என்னை எழுப்புவார். சாலையை எந்த இடத்தில் அளப்பது? முனையில் அகலம் கூடும், நடுவில் குறையும். கடைக்காரர் முனையில் அளந்து 40 என்பார், இவர் கடை வாசலில் அளந்து 36 என்பார். நடைபாதையைச் சேர்த்தா, சேர்க்காமலா என்று அடுத்த ரவுண்டு. மாடியில் பப் வைக்க வந்தவர் கடைசியில் வேறு தெருவுக்குப் போய்விட்டார். ஓனருக்குப் பயந்தா, வாடகை ஒத்துவராமலா என்பது அவருக்குத்தான் வெளிச்சம்.

சாந்தியக்கா:

இதில் நான் பார்த்த கூத்து ஒன்று. எங்கள் பகுதி நலச்சங்கம் ஒரு திருமண மண்டபத்தை எதிர்த்துப் போராடி ஜெயித்தது. நானும் கையெழுத்துப் போட்டேன், கூட்டத்துக்கும் போனேன். ஜெயித்த தெம்பில் அடுத்த கூட்டத்தில் என்ன தீர்மானம் தெரியுமா? மரத்தடியில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் தாத்தாவையும், வீட்டுத் திண்ணையில் இட்லி மாவு அரைத்து விற்கும் அம்மாவையும் கிளப்ப வேண்டுமாம். "குடியிருப்புப் பகுதி என்றால் குடியிருப்புப் பகுதிதான்" என்று ஒருவர் மேசையைத் தட்டினார். அவர் வீட்டு மாவும் அந்தத் திண்ணையிலிருந்துதான் போகிறது!

மளிகை, தையல், சலவை மாதிரியான சின்னக் கடைக்கு ஆதாரக் குடியிருப்பிலேயே இடம் உண்டு என்று மேலே அளவுநாடா சார் சொன்னதை அன்றைக்கு யாராவது எடுத்துச் சொல்லியிருந்தால் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும். நான் கத்தித்தான் முடித்தேன்.

அளவுநாடா:

அக்கா, சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். 2019-ல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகளுக்குப் பிறகு சாதாரணக் கட்டடத்துக்கே தளப்பரப்புக் குறியீடு, அதாவது மனைப் பரப்பைப்போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற கணக்கு, 1.5-லிருந்து 2 ஆகிவிட்டது. சாலை அகலமாக இருந்தால் கட்டணம் கட்டி அதற்கு மேலும் வாங்கலாம். அவென்யூ ஓரம் இனி உயரமாகத்தான் போகும். மூன்றாவது மாஸ்டர் பிளான் வேலையும் நடக்கிறது. 2046 வரைக்குமான கோடு அதில் வரும். வரைவு வெளியானதும் கருத்துக் கேட்பார்கள். கடை வந்தபிறகு புகார் எழுதுவதைவிட அப்போது எழுதுவது சுலபம்.

கோடம்பாக்கத்தான்:

எல்லாம் சரி சார், டி.எஸ். எண்ணை எங்கே பார்ப்பது? பத்திரத்தில் பழைய சர்வே எண் மட்டும்தான் இருக்கிறது. எங்கள் பக்கத்து வீட்டை ஒரு நகைக்கடை வாங்கியிருப்பதாகப் பேச்சு.

அளவுநாடா:

டவுன் சர்வே நிலப் பதிவேட்டில் வார்டு, பிளாக் எண்ணோடு இருக்கும். உங்கள் பட்டாவிலும் இருக்கும். அதே பிளாக்கின் புலப்படத்தை (மனைகளின் அளவு வரைபடம்) வாங்கினால் பக்கத்து வீட்டு எண்ணும் கிடைக்கும். அதை வைத்து நிலப்பயன்பாட்டை இன்றைக்கே பார்த்து, தேதியோடு பிரதி எடுத்து வையுங்கள். வருவாய்க் கிராமத்தின் பெயரைத் தெரு வாட்ஸ்அப் குழுவில் போட்டு, நாளிதழ் வாங்குகிற யாராவது ஒருவரைத் தினமும் கடைசிப் பக்கங்களைப் பார்க்கச் சொல்லுங்கள். அறிவிப்பு வந்தால் ஆளுக்கொரு கடிதம் போகட்டும், ஒரே கடிதத்தில் நூறு கையெழுத்து வேண்டாம். தெருவின் அகலம், பள்ளி இருந்தால் அது எத்தனை மீட்டர், கழிவுநீர் எங்கே தேங்குகிறது என்று எழுதுங்கள். பதிவுத் தபாலில் அனுப்பி ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.