கடலும் இல்லை, கனிமமும் இல்லை: சுவிட்சர்லாந்து எப்படிச் செழித்தது?

ரோஸ் ஹில் ஆசிரியை:
அனைவருக்கும் வணக்கம். மொரீஷியஸ் தீவில் நடக்கும் எங்கள் மாலை நேரத் தமிழ் வகுப்பில் பெரிய பிள்ளைகள் மாதந்தோறும் ஒரு நாட்டைப் பற்றித் தமிழில் பேசுவது வழக்கம். இம்முறை சுவிட்சர்லாந்து. குறிப்பெடுத்து வரச் சொன்னால், எல்லாரும் வங்கி, கைக்கடிகாரம், சாக்லேட், பனிமலை என்பதோடு நின்றுவிட்டார்கள். அயல்நாட்டார் ஒளித்துவைத்த பணத்தில்தான் அந்த நாடு செழித்தது என்று ஒரு மாணவன் அடித்துச் சொல்கிறான். சுமார் 90 லட்சம் மக்கள் வாழும், கடற்கரையும் எண்ணெய்க் கிணறும் இல்லாத நாடு இவ்வளவு உயர்ந்ததற்கு அது ஒன்றுதான் காரணமா? தலைநகரம் எது என்பதிலும் வகுப்பில் ஒரே சண்டை: பாதிப் பேர் ஜூரிக் என்கிறார்கள், பாதிப் பேர் ஜெனீவா என்கிறார்கள். விவரம் அறிந்தவர்கள் உதவ வேண்டுகிறேன்.

மோக்கா வாசகர்:
வணக்கம் டீச்சர். ஹோட்டல் நிர்வாகம் படிப்பதற்காக லோசான் நகரில் சில காலம் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். தலைநகரச் சண்டையில் இரு தரப்பும் தோற்றுவிட்டன. 1848இல் கூட்டாட்சி அமைந்தபோது நாடாளுமன்றமும் அரசும் பெர்ன் நகரில் அமர்த்தப்பட்டன. ஆனால் அதைத் தலைநகரம் என்று சொல்லாமல் கூட்டாட்சி நகரம் என்றே குறிப்பிடுகிறார்கள். இன்று 26 ஆக உள்ள மாநிலங்களில் எதுவும் மற்றதன் தலைமேல் ஏறிவிடக் கூடாது என்பதில் அவர்கள் அத்தனை கவனமாக இருந்தார்கள். உச்ச நீதிமன்றம்கூடப் பெர்னில் இல்லை, லோசானில் இருக்கிறது. நம் தீவில் வங்கி, அமைச்சகம், துறைமுகம் என எல்லாவற்றுக்கும் போர்ட் லூயிக்கே போய்ப் பழகிய நமக்கு இது விசித்திரமாகத்தான் படும்.

அந்த நாட்டின் செல்வம் எங்கிருந்து வந்தது என்று காட்ட வேண்டுமானால், பிள்ளைகளை முதலில் பாசல் நகருக்கு அழைத்துச் செல்லுங்கள். பிரான்சிலிருந்து மதக் கொடுமைக்குத் தப்பி வந்த சீர்திருத்தக் கிறித்தவ அகதிகளால் அங்கே பட்டு ரிப்பன் நெசவு வளர்ந்தது. ரிப்பனுக்குச் சாயம் வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் செயற்கைச் சாயம் கண்டுபிடிக்கப்பட்டதும், அதைத் தயாரிக்கும் ஆலைகள் ரைன் ஆற்றங்கரையில் எழுந்தன. வேதிப்பொருள்களுக்கான காப்புரிமைச் சட்டம் சுவிட்சர்லாந்தில் 1907 வரை நடைமுறைக்கு வராததால், பிறர் கண்டுபிடித்ததைப் பார்த்துச் செய்வதற்கு அங்கே தடையும் இல்லை. (இன்று காப்புரிமைக்காக உலகெங்கும் வழக்காடுபவர்கள் இதை அவ்வளவாக நினைவுகூர்வதில்லை.) சாயம் செய்யக் கற்ற கைகள் அடுத்து மருந்து செய்யக் கற்றுக்கொண்டன. 1896இல் தொடங்கிய ரோஷும், 1996இல் சிபா-கைகியும் சாண்டோஸும் இணைந்து உருவான நோவார்டிஸும் ஆகிய மருந்து நிறுவனங்கள் இன்றும் பாசலில்தான் இருக்கின்றன. நாட்டின் சரக்கு ஏற்றுமதியில் ஏறக்குறையப் பாதி மருந்தும் வேதிப்பொருளுமே. கடலில்லாத அந்த நாட்டின் துறைமுகமும் பாசலில்தான் உள்ளது. நெதர்லாந்தின் கடல் துறைமுகமான ரோட்டர்டாமிலிருந்து சரக்குப் படகுகள் ரைன் ஆற்றின் வழியே அங்கு வந்து சேர்கின்றன.

கடிகாரத்தின் கதை ஜெனீவாவில் தொடங்குகிறது. 16ஆம் நூற்றாண்டில் அங்கே மதத் தலைவராக இருந்த கால்வின் ஆடம்பர நகைகளுக்குத் தடை விதித்ததால், பொற்கொல்லர்கள் கடிகாரத் தொழிலுக்குத் திரும்பினார்கள். பின்னர் அத்தொழில் ஜூரா மலைப்பகுதிக்கும் பரவியது. ஷோ-த-ஃபோன் என்னும் ஊர் 1794இல் தீப்பிடித்து அழிந்தபின், பட்டறை மேசைகளில் பகல் வெளிச்சம் நன்றாக விழும்படி நீண்ட இணைவரிசைத் தெருக்களாக அதைத் திரும்பக் கட்டினார்கள். 1970களில் ஜப்பானிய மின்கலக் கடிகாரங்கள் வந்து குவிந்தபோது இந்தத் தொழில் படுத்தேவிட்டது. வேலை செய்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் வெளியேற நேர்ந்தது. 51 பாகங்களே கொண்ட மலிவான பிளாஸ்டிக் கடிகாரமாக 1983இல் ஸ்வாட்ச் வந்த பிறகுதான் அது மீண்டும் எழுந்து நின்றது.

போர்ட் லூயி கணக்காளர்:
மோக்கா நண்பர் சொன்னவை சரியே. ஆனாலும் அந்த மாணவனை ஒரேயடியாக மறுத்துவிட வேண்டாம். நிதித்துறையின் பங்கு இன்று நாட்டு உற்பத்தியில் சுமார் பத்தில் ஒன்றுதான். தொழிற்சாலைகளின் பங்கு அதைவிட அதிகம். இருந்தும், வாடிக்கையாளரின் விவரத்தை வெளியிடுவதைக் குற்றமாக்கிய 1934ஆம் ஆண்டுச் சட்டமும், இரண்டு உலகப் போர்களிலும் நாடு நடுநிலை வகித்ததும் அயல்நாட்டுப் பணத்தை அங்கே இழுத்தன என்பது உண்மை. நாஜிகளால் கொல்லப்பட்ட யூதர்களின் கணக்குகள் கேட்பாரற்றுக் கிடந்த விவகாரத்தில், பெரிய வங்கிகள் 1998இல் 125 கோடி டாலர் தருவதாக ஒப்புக்கொள்ள நேர்ந்ததையும் பெரிய பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும். 2018 முதல் கணக்கு விவரங்கள் பிற நாடுகளுடன் தாமாகவே பகிரப்படுவதால், அந்தப் பழைய இரகசியம் இன்று இல்லை. ரயில் பாதை போடப் பணம் திரட்டுவதற்காக 1856இல் ஜூரிக்கில் தொடங்கிய கிரெடிட் சுவிஸ், 2023இல் தடுமாறி விழுந்து யூ.பி.எஸ். வங்கியின் கைக்குப் போனது.

ஜெனீவாவைப் பற்றி ஒரு சொல். செஞ்சிலுவைச் சங்கமும் ஐ.நா. அலுவலகமும் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். எண்ணெய், தானியம், காப்பி, சர்க்கரை ஆகியவற்றின் உலக வணிகத்தில் பெரும்பங்கு அந்த நகரின் அலுவலகங்களில் பேசி முடிவாகிறது என்பதையும் சொல்லுங்கள். ஒரு மூட்டைகூட அவ்வூர் வழியாகப் போவதில்லை. கரும்பை வெட்டி ஆலைக்கு அனுப்பியே வளர்ந்த நமக்கு, சர்க்கரையில் யார் எங்கே இலாபம் பார்க்கிறார்கள் என்பது தெரிந்திருப்பது நல்லது.

எபேன் வாசகி:
என் அக்கா திருமணமாகிப் பெர்னில் வசிக்கிறாள். அவளுடைய மூத்த மகன் பதினாறு வயதில் மின் தொழில் பயிற்சியில் சேர்ந்தான். வாரத்தில் மூன்றரை நாள் நிறுவனத்தில் வேலை, மற்ற நேரம் தொழிற்பள்ளி, கையில் மாதச் சம்பளம். படிப்பு வராதவர்கள் போகும் இடம் என்ற இளக்காரம் அங்கே இல்லை. இளையோரில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் இந்த வழியில்தான் போகிறார்கள். நம் ஊரில் பிள்ளையை எலெக்ட்ரீஷியன் ஆக்குகிறேன் என்றால் உறவினர்கள் துக்கம் விசாரிக்க வந்துவிடுவார்கள். அந்த நாட்டின் செழிப்புக்கு வங்கிப் பெட்டகத்தைவிட இந்தப் பட்டறைகள்தான் பெரிய காரணம் என்பது என் கருத்து. இன்னொன்று: அனைவருக்கும் ஆண்டுக்கு ஆறு வாரம் விடுமுறை வேண்டுமா என்று 2012இல் வாக்கெடுப்பு நடத்தியபோது, மூன்றில் இரண்டு பங்கினர் வேண்டாம் என்று வாக்களித்தார்கள். உங்கள் வகுப்பில் இதை நம்ப மாட்டார்கள்!

ரோஸ் ஹில் ஆசிரியை:
மூவருக்கும் மிக்க நன்றி. அந்த மாணவனிடம் கணக்காளர் ஐயாவின் பகுதியையே கொடுத்துப் பேசச் சொல்லப்போகிறேன். பெர்ன், பாசல், ஜெனீவா, ஜூரிக் ஆகிய நான்கையும் நான்கு பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள். வீட்டில் கிரியோல், பள்ளியில் ஆங்கிலமும் பிரெஞ்சும், மாலையில் தமிழ் என்று வளரும் இவர்களுக்கு, அங்குள்ள மொழி நிலையைக் காட்ட ஐந்தாவதாக எந்த ஊரைச் சொல்லலாம்?

மோக்கா வாசகர்:
பீல் நகரைச் சொல்லுங்கள், டீச்சர். நாட்டில் ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியம், ரோமான்ஷ் என்று நான்கு தேசிய மொழிகள் இருந்தாலும், பெரும்பாலான ஊர்களில் அன்றாடம் நடமாடுவது ஒரு மொழிதான். பீல் அப்படியல்ல, தெருப்பலகை முதல் நகராட்சிக் கடிதம் வரை எல்லாம் ஜெர்மனிலும் பிரெஞ்சிலும் இருக்கும், கடையில் நீங்கள் எந்த மொழியில் தொடங்குகிறீர்களோ அதிலேயே பதில் வரும். ஸ்வாட்ச் குழுமத்தின் தலைமையகமும் அங்கேயே இருப்பதால், கடிகாரத்தைப் பற்றிப் பேச வேண்டியதையும் அந்தப் பிள்ளையிடமே ஒப்படைத்துவிடலாம்.