கூலன்ட் இல்லாமல் லேத் ஓட்டினால் டிப் தாங்குமா?

சிப்புட் பட்டறை:
அண்ணன்மாருக்கு வணக்கம். சுங்கை சிப்புட்டில் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். செம்பனை ஆலை வேலைதான் அதிகம்: வார்ப்பிரும்பு புல்லி, இஎன்8 எஃகு ஷாஃப்ட், கன்மெட்டல் (வெண்கல வகை) புஷ். கூலன்ட் (வெட்டும் இடத்தைக் குளிர்விக்கும் எண்ணெய்-தண்ணீர்க் கலவை) தொட்டி நாறுகிறது, பையனுக்குக் கையெல்லாம் அரிப்பு. பழசைக் கால்வாயில் ஊற்றவும் முடியாது. மலேசியச் சட்டப்படி அது எஸ்டபிள்யூ 307 என்ற வகைக் கழிவு, உரிமக்காரரிடம்தான் கொடுக்கணும். கூலன்டை நிறுத்திவிட்டால் கார்பைடு டிப் (வெட்டுமுனை) தாங்குமா?

ஆலை ஃபிட்டர்:
புல்லிக்கு இத்தனை நாள் எதற்குத் தண்ணீர் விட்டீர்கள் தம்பி? வார்ப்பிரும்புக்குள்ளேயே கிராஃபைட் இருக்கிறது, அதுவே வழுக்கிக் கொடுக்கும். கூலன்ட் பட்டால் தூள் கறுப்புச் சேறாகி லேத் பெட்டில் (அடித்தளத்தில்) அப்பிக்கொள்ளும். பெட்டை மூடி வையுங்கள், தூளை வேக்கூமால் எடுங்கள். காற்றடித்து ஊதினால் பாதி ஸ்லைடுக்குள், மீதி நெஞ்சுக்குள்.

ஷாஃப்டுக்கு கோட்டிங் போட்ட டிப் வாங்குங்கள். டைட்டானியம் அலுமினியம் நைட்ரைடு கோட்டிங் சூட்டில் மேலே அலுமினியம் ஆக்சைடு படலம் கட்டும், அதுதான் டிப்பைக் காக்கிறது. சூட்டில் பெரும்பங்கு வெட்டி வரும் சுருளோடு போய்விடும். சுருள் நீலமாக வந்தால் பயப்பட வேண்டாம். எச்எஸ்எஸ் (ஹைஸ்பீட் ஸ்டீல்) டூலில் அப்படி வந்தால் உடனே நிறுத்துங்கள், முனை போய்விடும்.

உண்மையான தொல்லை அளவில்தான். ஷாஃப்டில் பேரிங் உட்காரும் 100 மி.மீ. இடம், அறைச் சூட்டைவிட 40 டிகிரி கூட இருந்தால் ஏறக்குறைய 0.045 மி.மீ. பெருத்து நிற்கும். அப்போதே மைக்ரோமீட்டர் வைத்து 'சரி' என்று கழற்றினால், ஆறியதும் பேரிங் லொடலொடக்கும். கடைசி வெட்டுக்கு முன்னால் ஆறவிடுங்கள். ஒரு டீ குடித்து வந்தால் போதாது, பெரிய ஷாஃப்ட் என்றால் மதியச் சாப்பாடே முடியணும்.

சிப்புட் பட்டறை:
மில்லிங்கில் (சுழலும் பல் கட்டரால் வெட்டும் வேலையில்) பாட்டிலால் அவ்வப்போது கொஞ்சம் தெளித்தால்?

ஆலை ஃபிட்டர்:
அதைவிடச் சும்மா இருக்கலாம். கட்டர் பல் வெட்டும்போது சூடேறி வெளியே வந்ததும் சில்லென்று தண்ணீர் பட்டால் கார்பைடில் சீப்புப் பல் மாதிரி வரிசையாக வெடிப்பு விழும். விட்டால் நிறைய விடணும், இல்லையென்றால் வெறும் காற்று.

கூலிம் கடைசல்:
அண்ணன் சொன்னது சரி, ஆனால் அலுமினியத்துக்கு ஒத்துவராது, முனையில் ஒட்டிக்கொள்ளும். நான் மண்ணெண்ணெய் பிரஷால் தடவுவேன். ஸ்டெயின்லெஸில் ஆழமாகத் துளை போடவும் கூலன்ட் வேண்டும். தொட்டியை ஒரேயடியாகக் கழற்றிவிடாதீர்கள்.

சிப்புட் பட்டறை:
நன்றி. அப்புறம், கன்மெட்டல் புஷ்?

ஆலை ஃபிட்டர்:
கூரான டிப் போட்டு அப்படியே கடையலாம். ரீமர் (துளையைச் சரியான அளவுக்குக் கொண்டுவரும் கருவி) விடும்போது மட்டும் எண்ணெய் தொடுங்கள், சூடேறினால் பிடித்துக்கொள்ளும்.