ஏற்காட்டுக்கும் ஆடித் திருவிழாவுக்கும் ஒரே லென்ஸ்: 18-300 வாங்கலாமா, 17-70 எஃப் 2.8 வாங்கலாமா?

கொண்டலாம்பட்டி_கார்த்தி:
எல்லாருக்கும் வணக்கம். என்கிட்ட இருக்கிறது சோனி ஏ6400, கூடவே வந்த 16-50 கிட் லென்ஸ். ஞாயிற்றுக்கிழமை ஆனா ஏற்காடு, வீட்டு விசேஷம், ஆடியில சேலம் குகை மாரியம்மன் கோயில் வண்டி வேடிக்கை. நான் படம் எடுக்கிறது இவ்வளவுதான். ஒரே ஒரு லென்ஸ் வாங்கி அதை வெச்சே ஓட்டணும். டாம்ரான் 18-300 எஃப் 3.5-6.3 ஒரு பக்கம் இழுக்குது, டாம்ரான் 17-70 எஃப் 2.8 இன்னொரு பக்கம். முன்னது மி.மீ. அதிகம், தூரத்துல இருக்கிறதையும் கிட்ட இழுக்கும்; பின்னது எஃப் எண் சின்னது, வெளிச்சத்தை நிறைய உள்ள விடும். எதை எடுக்கலாம்?

மலைப்பாதை:
யோசிக்கவே வேண்டாம், 18-300. ஏற்காட்டுல எது எப்ப எதிர்ல வரும்னு சொல்ல முடியாது. காப்பித் தோட்டத்து ஓரமா காட்டெருமை நிக்கும். கிட்ட போய் எடுக்கிற சமாச்சாரமே இல்ல அது, தள்ளி நின்னுதான் எடுத்தாகணும். சில்வர் ஓக் உச்சியில குக்குறுவான் பறவை கத்திக்கிட்டிருக்கும். உங்க ஏபிஎஸ்-சி (சின்ன சென்சார்) கேமராவுல 300 மி.மீ. போட்டா ஃபுல் ஃப்ரேம்ல (பெரிய சென்சார்) 450 போட்ட மாதிரி. அதே லென்ஸை 18-க்குக் கொண்டு வந்தா ஏரி மொத்தமும் வந்துடும். மூடுபனியில லென்ஸைக் கழட்டி மாட்டி, சென்சார்ல ஈரமும் தூசியும் ஏத்திக்கிற வேலையே இல்லை.

குகை_வாசி:
கார்த்தி, வண்டி வேடிக்கைன்னு நீங்க சொன்னதாலதான் எழுதறேன். சாமி வேஷம் கட்டினவங்க அலங்கார வண்டி மேல இருப்பாங்க, வண்டி நகர்ந்துக்கிட்டே இருக்கும். முகத்துல விழுறது சீரியல் பல்பும் ஃபோகஸ் லைட்டும்தான், நிமிஷத்துக்கு ஒரு நிறம். முகம் ஆடாம வர ஷட்டர் வேகம் 1/125 செகண்டாவது வேணும். எஃப் 2.8-ல ஐஎஸ்ஓ (சென்சாரோட வெளிச்ச உணர்திறன், ஏத்த ஏத்த படத்துல நாய்ஸ்ங்கிற புள்ளி விழும்) 3200 போதும்ங்கிற இடத்துல உங்க கிட் லென்ஸுக்கு 50 மி.மீ.யில எஃப் 5.6, அதாவது 12,800. 18-300-ஐ முழுசா நீட்டினா எஃப் 6.3, ஐஎஸ்ஓ 16,000 தாண்டும். அம்மன் வேஷக்காரர் கன்னத்துல பூசின மஞ்சளும் அது மேல ஒட்டின ஜிகினாவும் பிரிச்சுத் தெரியாம குழைஞ்சு போயிடும்.

மலைப்பாதை:
வண்டி வேடிக்கை ஒரு ராத்திரி. மலை வருஷம் பூரா இருக்கு. அந்த ஒரு ராத்திரிக்காக மத்த நாளெல்லாம் 70-லயே நிக்கச் சொல்றீங்களா? நாய்ஸ் நீக்குற மென்பொருள் இப்ப நல்லாவே வேலை செய்யுது.

குகை_வாசி:
ராத்திரி மட்டும்னு யார் சொன்னது? காப்பிச் செடி வளர்றதே நிழல்லதான். மேல மரம், நடுவுல மூடுபனி, சாயங்காலம் 5 மணி. அங்க எஃப் 6.3-ஐ வெச்சுக்கிட்டு பறவைக்கு 1/500 போட்டுப் பாருங்க, ஐஎஸ்ஓ எங்க போய் நிக்குதுன்னு தெரியும். லேடீஸ் சீட் வியூ பாயின்ட்ல இருந்து மதியான வெயில்ல சேலத்தை 300-ல இழுத்தா வர்றது சாம்பல் பூத்த ஊர். நடுவுல இருக்கிற புழுதிக் காத்தை எந்த லென்ஸும் துடைக்காது. மழை பெஞ்சு ஓய்ஞ்ச மறுநாள் காலையில எடுத்தாதான் அந்த 300-க்கு மதிப்பு.

ஃபிலிம்_காலத்தவர்:
இருவரும் அவரவர் எடுக்கும் படங்களை வைத்துப் பேசுகிறீர்கள். கார்த்தி தம்பி, இதுவரை எடுத்த படங்களின் எக்ஸிஃப் விவரத்தை (படத்தோடு கேமரா பதிந்து வைக்கும் குறிப்பு) திறந்து, எந்த மி.மீ.யில் அதிகம் எடுத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். எடையையும் மறக்க வேண்டாம். உங்கள் கேமரா சுமார் 400 கிராம். 17-70 லென்ஸ் 525, 18-300 லென்ஸ் 620. இரண்டுமே கேமராவை முன்பக்கம் இழுக்கும். சிக்மா 18-50 எஃப் 2.8 சுமார் 290 கிராம்தான். நாள் முழுக்கக் கழுத்தில் தொங்கப் போவதால் நான் அதையே சொல்வேன்.

குகை_வாசி:
சிக்மாவுல ஸ்டெபிலைசர் இல்லையே ஐயா. ஏ6400 பாடியிலயும் கிடையாது. டாம்ரான் ரெண்டுலயும் இருக்கு.

ஃபிலிம்_காலத்தவர்:
உண்மைதான். ஆனால் அது நம் கை நடுக்கத்தை மட்டுமே அடக்கும், வண்டி மேல் இருப்பவரின் அசைவை அல்ல. வீடியோ நிறைய எடுப்பவர் என்றால் டாம்ரானே சரி.

மலைப்பாதை:
எக்ஸிஃப் பார்க்கிறதுல ஒரு கோளாறு இருக்கு. கிட் லென்ஸ் படமெல்லாம் 50-ல குவிஞ்சிருந்தா, அதுக்கு மேல போக வழியில்லாம அங்கேயே முட்டிக்கிட்டு நின்னிருக்கலாம். அதனால அந்தப் படங்களை எவ்வளவு வெட்டியிருக்கீங்கன்னும் பாருங்க. அகலத்துல பாதி போயிருந்தா உங்களுக்கு வேண்டியிருந்தது 100. ஓரம் மட்டும் போயிருந்தா 70 போதும்.

கொண்டலாம்பட்டி_கார்த்தி:
பார்த்துட்டேன். பாதிக்கு மேல 50-லதான் இருக்கு, அடுத்தது 16. 50-ல இருக்கிறது பெரும்பாலும் முகங்கள். அம்மா, அக்கா பசங்க, மாவிளக்கு எடுத்துட்டுப் போறவங்க. வெட்டினது ஓரம் மட்டும்தான். ரொம்ப வெட்டினது பறவைப் படங்கள், அது கொஞ்சம்தான். 17-70 பக்கம் மனசு சாயுது. சிக்மா மறுபடியும் 50-லயே நிறுத்திடுது ஐயா, அதான் யோசனை.

மலைப்பாதை:
பறவை கொஞ்சமா இருக்குன்னா, எட்டாதுன்னு தெரிஞ்சு நீங்க கேமராவையே தூக்காம இருந்திருக்கலாம். அது எந்த எக்ஸிஃப்லயும் வராது. நான் இன்னும் 18-300தான் சொல்றேன்.

குகை_வாசி:
பறவை ஆசை தாங்கலைன்னா பின்னாடி சோனி 55-210 ஒண்ணு பழசாத் தேடிக்கலாம். இப்போதைக்கு 17-70 வாங்குங்க. கடையிலயே 70-ல எஃப் 2.8 வெச்சு, எழுத்து இருக்கிற ஒரு சுவரையோ போர்டையோ நேரா நின்னு எடுத்து, ரெண்டு ஓரத்தையும் பெருசாக்கிப் பாருங்க. ஒரு ஓரம் மட்டும் மங்கலா இருந்தா வேற பீஸ் கேளுங்க. ஃபில்டர் அளவு 67 மி.மீ.