இருமினால் கசிகிறது: டேப் வைத்தால் பத்து வருடம் கழித்து எப்படி இருக்கும்?

வெள்ளவத்தைவாசி:
எனக்கு 51 வயது. மூன்று பிள்ளைகள், மூன்றும் சுகப்பிரசவம். நாலு வருடமாக இருமினாலும் தும்மினாலும் சிறுநீர் கசிகிறது. காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ் பிரேக் பிடித்தாலும் அப்படித்தான். போன ஆடிவேலுக்கு நான் தேர் பார்க்கப் போகவில்லை. கணவரிடம் கால் வலி என்று பொய் சொன்னேன்.

சுகவனிதையர் கிளினிக்கில் மருத்துவிச்சியிடம்தான் முதன்முதலில் வாய் திறந்தேன். சிறுநீரை அடக்கும் தசைகளை இறுக்கித் தளர்த்தும் இடுப்புத்தளப் பயிற்சி நாலு மாதம் செய்தேன், பாதி குறைந்தது. சனல் பண்ணி, அதாவது தனியாரில் நேரம் பதிந்து, பார்த்த டொக்டர் டேப் வைக்கலாம் என்கிறார். சிறுநீர் வழியைத் தாங்க அதன் கீழே வைக்கும் வலை நாடாவாம் அது. லண்டனில் இருக்கும் தங்கையோ, "அக்கா, இங்கே அதை நிறுத்திவிட்டார்கள், வேண்டாம்" என்று அழுகிறாள். யாரை நம்புவது?

ஓய்வுபெற்ற தாதி:
தங்கச்சி, உங்கள் தங்கை சொல்வதில் உண்மை இருக்கிறது. இங்கிலாந்தில் 2018 ஜூலையில் இடைநிறுத்தினார்கள். சில பெண்களுக்கு மெஷ் என்ற அந்த வலை யோனிச் சுவரை அரித்து வெளியே வந்தது, தீராத வலியும் வந்தது. அவர்கள் சொன்னதைப் பல வருடம் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எனக்கு அதுதான் பெரிய கோபம்.

ஆனால் பலருக்கு டேப் நன்றாக நிலைத்திருக்கிறது. நோர்டிக் நாடுகளில் 17 வருடம் கழித்துப் பரிசோதித்த பெண்களில் 87 வீதமானோர் குணம், அல்லது நல்ல முன்னேற்றம் என்றார்கள். இங்கிலாந்தில் டேப் வைத்த 95,000 பேரின் பதிவுகளைப் பார்த்தபோது, 9 வருடத்துக்குள் அதை எடுக்க நேர்ந்தது 3.3 வீதம். வலியோடு அப்படியே வாழ்பவர்கள் இந்தக் கணக்கில் இல்லை என்பதையும் மறக்க வேண்டாம்.

டேப்பைச் சுற்றிச் சதை வளர்ந்துவிடும், அதனால் முழுதாக எடுப்பது கஷ்டம். தொடை வழியாகப் போடும் வகையை எடுப்பது இன்னும் சிரமம். எந்த வழியாகப் போடுவார், பிரச்சினை வந்தால் யார் எடுப்பார் என்று டொக்டரிடம் நேராகவே கேளுங்கள்.

மெஷ் இல்லாத வழியும் உண்டு. வயிற்றுத் தசையின் உறையில் ஒரு துண்டை எடுத்துத் தாங்கலாக வைப்பார்கள். சிறுநீர்ப்பையின் கழுத்துப் பகுதியைத் தையல் போட்டுத் தூக்கிக் கட்டும் பேர்ச் முறையும் இருக்கிறது. அமெரிக்காவில் இந்த இரண்டையும் ஒப்பிட்டார்கள். 5 வருடத்தில் சொட்டுக்கூடக் கசியாதவர்கள் உறை வைத்தவர்களில் 31 வீதம், பேர்ச் செய்தவர்களில் 24 வீதம்தான். ஆனாலும் திருப்தி என்றவர்கள் 83, 73 வீதம்.

கொட்டாஞ்சேனை அக்கா:
அந்த 83இல் நானும் ஒருத்தி மாதிரி. 2011இல் தசையுறை வைத்தார்கள். 12 நாள் சிறுநீர் வடிக்கும் குழாயோடு (கதீற்றர்) வீட்டில் இருந்தேன், அப்போது ஏன் செய்தேன் என்று அழுதிருக்கிறேன். இப்போது பலமான தடிமன் இருமலுக்கு மட்டும் இரண்டு சொட்டு வரும். அவசரமாகப் போகவேண்டும் என்ற உணர்வு புதிதாக வந்தது, அதற்கு மாத்திரை எடுக்கிறேன். ஆனால் மகள் வீட்டுக்கு வந்தால் மரைன் டிரைவில் பேரனைத் துரத்திக்கொண்டு ஓடுகிறேன். பாதி குறைந்திருக்கிறது என்கிறீர்கள், பயிற்சியை விட்டுவிடாதீர்கள். அவசரமில்லை.

வெள்ளவத்தைவாசி:
இருவருக்கும் கோடி நன்றி. 31 வீதம் என்று படித்தவுடன் நெஞ்சு திக்கென்றது, அக்காவின் பதிலுக்குப் பிறகுதான் மூச்சு வந்தது. இன்னும் மூன்று மாதம் பயிற்சி செய்துவிட்டு முடிவெடுக்கிறேன். வியாழக்கிழமை டொக்டரிடம் போகும்போது தங்கையையும் போனில் வைத்துக்கொள்வேன். அக்கா, ஒப்பரேஷனுக்குப் பிறகு தண்ணீர் வாளி தூக்க எத்தனை நாள் ஆனது?