ஐந்து விரலையும் விரித்து நிற்கச் சொன்ன ஆசிரியர்

தங்களை உருவாக்கிய ஆசிரியர்களைப் பற்றி இங்கே பலரும் எழுதிவருவதைப் படித்த பிறகு, எங்கள் வரலாற்று ஆசிரியரைப் பற்றி எழுதாமல் இருக்க எனக்கு மனம் வரவில்லை. 1998ஆம் ஆண்டு காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். உயர்நிலைப் பள்ளியில் வரலாற்றுக்கென்று தனி ஆசிரியர் கிடையாது; சமூக அறிவியல் பட்டதாரி ஆசிரியர்தான் புவியியலையும் குடிமையியலையும் சேர்த்து நடத்த வேண்டும். ஆனாலும் ஊரில் அனைவருக்கும் அவர் ‘ஹிஸ்டரி சார்’தான்.

சோழர் காலக் குடவோலை முறையை அவர் வாசித்துக் காட்டி முடித்துவிடவில்லை. எங்கள் வகுப்புக்கு அந்த முறைப்படியே தேர்தல் நடத்தினார். பனையோலை நறுக்குகளில் ஆணியால் பெயரைக் கீறி, எழுத்துத் தெரிவதற்காகக் கரி பூசித் துடைத்தோம். சத்துணவு சமைக்கும் அம்மா ஒரு மண்பானை கொடுத்தார். பெயரை எடுப்பவர் எதுவும் அறியாத சிறுபிள்ளையாக இருக்க வேண்டும் என்று உத்திரமேரூர்க் கல்வெட்டு சொல்வதால், பக்கத்துத் தொடக்கப் பள்ளியிலிருந்து ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றைக் கையைப் பிடித்து அழைத்து வந்தார். எடுத்த ஓலையை வாங்கிப் படிக்கும் மத்தியஸ்தன் நான். விரல்களை மடக்கியபடி கையை நீட்டினேன். உடனே நிறுத்தி, “ஐந்து விரலையும் அகல விரித்து, உள்ளங்கையில் வாங்கு. கைக்குள் வேறு ஓலை ஒளிந்திருக்கவில்லை என்று எல்லாரும் பார்க்க வேண்டும்” என்றார். அந்தக் கல்வெட்டில் இந்த விதியும் அப்படியே இருக்கிறது. ஏரி வாரியத்துக்கு ஆறு பேர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிரண்டு பேர். ஏரி வாரியத்தாருக்குக் குடிநீர்த் தொட்டியும், தோட்ட வாரியத்தாருக்குப் பள்ளியிலிருந்த செடிகளும் பொறுப்பாயின.

அடுத்த மாதம் எங்களை உத்திரமேரூருக்கே அழைத்துச் சென்றார். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தகன் காலத்தில் 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்ட வரிகளுக்கு முன்னால் எங்களை உட்கார வைத்தார். கல்லைத் தொடாமல், ஒரு முழம் தள்ளி விரலை நகர்த்தியபடியே, வேட்பாளருக்கான தகுதிகளை எழுத்துக் கூட்டிப் படித்தார். இறை, அதாவது வரி, கட்டும் நிலம் கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும், வயது 35க்கு மேல் 70க்குள் இருக்க வேண்டும், வேதம் கற்றிருக்க வேண்டும். முன்பு வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரோடு அவருடைய உறவினர்களும் விலக்கப்பட்டார்கள் என்ற இடம் வந்தபோது நாங்கள் கைதட்டினோம். கைதட்டல் அடங்கும்வரை காத்திருந்துவிட்டு, “இந்தத் தகுதிகளை வைத்துப் பார்த்தால் உங்கள் பாட்டன்மாரில் எத்தனை பேர் பெயர் பானைக்குள் போயிருக்கும்?” என்று கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அது பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுக்கப்பட்ட ஊரான சதுர்வேதிமங்கலத்தின் சபை என்பதையும், உழுதவர்களுக்கும் பெண்களுக்கும் அங்கே ஓலை இல்லை என்பதையும் அதன் பிறகே விளக்கினார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கணக்குக் கேட்ட ஊர் என்று பெருமைப்படவும், அந்தக் கணக்கைக் கேட்கும் உரிமை யாருக்கு இருந்தது என்று கேட்கவும் ஒரே பிற்பகலில் கற்றுக்கொடுத்தார். வரலாறு நடத்தும் ஆசிரியர் ஒருவரிடம் நான் எதிர்பார்ப்பது இதைத்தான். அதன் பிறகு கல்லூரியிலும் இதற்கு இணையான வகுப்பு எனக்கு வாய்க்கவில்லை.

அவர் ஓய்வு பெறுவதற்கு ஓராண்டு முன்னால், நல்லாசிரியர் விருதுக்கு அவர் பெயரை அனுப்பத் தலைமையாசிரியர் முயன்றபோது, பழைய மாணவர்களாகிய நாங்கள் விவரங்களைத் தொகுத்துக் கொடுத்தோம். தேர்ச்சி விழுக்காட்டை ஒரே மாலையில் திரட்டிவிட்டோம். அந்தப் பிற்பகலை எங்கே எழுதுவது என்பதுதான் தெரியவில்லை. முடிவில் ஆளுக்கொரு கடிதமாக எழுதி இணைத்தோம். செப்டம்பர் 5 அன்று இராதாகிருஷ்ணன் பெயரிலான அந்த விருதை, வெள்ளிப் பதக்கத்தோடும் பாராட்டுச் சான்றிதழோடும் அவர் பெற்றபோது நான் அழுதுவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பள்ளித் திடலில் பாராட்டு விழா எடுத்தோம். மாலைகளைக் கழற்றி நாற்காலியின் கையில் வைத்துவிட்டு, எங்கள் அழைப்பிதழை அவர் மேலிருந்து கீழாக ஒருமுறை படித்தார். நன்கொடை தந்தவர்கள், பந்தல் போட்டவர், ஒலிபெருக்கி தந்தவர் என எல்லாப் பெயர்களும் அதில் இருந்தன. “பானை கொடுத்த அம்மா பெயர் எங்கேப்பா?” என்றார். ஆண்டுதோறும் பானை கொடுத்துவந்த அவர் கூட்டத்தின் கடைசி வரிசையில் நின்றுகொண்டிருந்தார். நாங்கள் போய் அழைத்தபோது, அவர் வெட்கப்பட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். தமக்குப் போட்ட சால்வையை சார் தம் கையாலேயே அவருக்கு அணிவித்தார்.

மற்றோர் உறுப்பினரின் பகிர்வு:

மேலே எழுதியிருக்கும் அண்ணனுக்கு வணக்கம். அந்தப் பானைக்குள் கை விட்ட பிள்ளைகளில் நானும் ஒருவன். எந்த ஆண்டு என்று நினைவில்லை. பானையின் வாய் குறுகலாக இருந்ததும், உள்ளே ஓலைகள் சரசரத்ததும், பயந்துபோய் இரண்டு ஓலைகளைச் சேர்த்து எடுத்துவிட்டதும் நன்றாக நினைவிருக்கின்றன. பெரிய அண்ணன்கள் சிரித்தார்கள். சார் மட்டும் என் உயரத்துக்குக் குனிந்து, “ஒன்றைத் திரும்பப் போடு கண்ணு, அவசரமே இல்லை” என்றார். எட்டு ஆண்டுகள் கழித்து அதே வகுப்பறையில் நானும் ஐந்து விரலையும் விரித்து நின்றேன்.