அல்பெலிசிப் மாத்திரையும் அம்மாவின் சர்க்கரையும்: அனுபவம் உள்ளவர்கள் உதவ வேண்டுகிறேன்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். 61 வயதான என் அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் எலும்புக்குப் பரவியுள்ளது. ஹார்மோன் ஏற்பி உள்ள, ஹெர்2 என்னும் புரதம் மிகையாக இல்லாத வகை. சென்ற வாரம் வந்த மரபணுப் பரிசோதனை அறிக்கையின் இரண்டாம் பக்கத்தில், தடித்த எழுத்தில் ‘பிஐகே3சிஏ எச்1047ஆர்’ என்று ஒரே ஒரு வரி இருந்தது.

பள்ளியில் உயிரியல் கற்பிப்பவள் என்பதால் அதன் பொருள் எனக்கு ஓரளவு புரிகிறது. பிஐகே3சிஏ என்பது பிஐ3கே என்னும் நொதியின் முக்கியப் பகுதியை உருவாக்கும் மரபணு. அந்த நொதி, செல் சவ்வில் உள்ள கொழுப்பு மூலக்கூறின் மீது பாஸ்பேட்டை ஏற்றி, ‘வளர்’ என்ற செய்தியை ஏகேடி என்னும் அடுத்த நொதிக்குக் கடத்துகிறது. வெளியிலிருந்து கட்டளை வந்தால் மட்டுமே வேலை செய்ய வேண்டிய அது, 1047ஆம் இடத்தில் ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலத்துக்குப் பதிலாக ஆர்ஜினின் வந்து அமர்ந்ததால், கட்டளை இல்லாமலேயே ஓயாமல் இயங்குகிறது. இவ்வகைப் புற்றுநோய் உள்ளவர்களில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினருக்கு இம்மரபணுவில் மாற்றம் இருக்கிறதாம்.

2019இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற, இந்த நொதியைத் தடுக்கும் அல்பெலிசிப் மாத்திரையை, ஃபுல்வெஸ்ட்ரான்ட் என்னும் ஹார்மோன் தடுப்பு ஊசியுடன் சேர்த்துத் தரலாம் என்கிறார் மருத்துவர். இன்சுலினும் இதே நொதியின் வழியாகவே செயல்படுவதால், அதைத் தடுக்கும்போது இரத்தச் சர்க்கரை ஏறிவிடும் என்பதுதான் எங்கள் அச்சம். அம்மா நீரிழிவுக்காக 12 ஆண்டுகளாக மெட்ஃபார்மின் எடுத்துக்கொள்கிறார்.

நீரிழிவோடு இம்மருந்தை எடுத்துக்கொண்டவர்கள் அல்லது அவர்களைப் பார்த்துக்கொண்டவர்கள், முதல் சில வாரங்களில் சர்க்கரையை எத்தனை முறை பார்த்தீர்கள், உணவில் எதை மாற்றினீர்கள், நீரிழிவு மருத்துவரை முன்கூட்டியே சேர்த்துக்கொண்டீர்களா என்று தயவுசெய்து எழுதுங்கள். வரும் திங்களன்று மருத்துவரைச் சந்திக்கிறோம். அவரிடம் தவறாமல் கேட்க வேண்டிய கேள்விகளையும் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.