சிவப்புக் குமிழ் வைத்த கறுப்புப் பெட்டி

"பாம்பன் வீட்டார்" குழு, ஜூன் மாதம், ஞாயிறு மாலை

அப்பா: பாப்பாவுக்கு காலேஜ் சீட் கிடைத்துவிட்டது. கம்ப்யூட்டர் சயின்ஸ். லேப்டாப் வேண்டுமாம். தடைக்காலம் முடிந்து போட் இப்போதுதான் கடலுக்குப் போயிருக்கிறது. கையில் அதிகம் இல்லை. யாராவது யோசனை சொல்லுங்கள்.

சென்னை அண்ணன்: சித்தப்பா, ரிச்சி தெருவில் கம்பெனிகள் கழித்துவிட்ட திங்க்பேட் லேப்டாப் நல்ல நிலையில் கிடைக்கும். இரண்டு பார்த்து வைத்திருக்கிறேன். முதல் படம் டி480. இரண்டாவது எக்ஸ்1 கார்பன். இரண்டுமே 2018 மாடல்.

அத்தை: இரண்டும் ஒன்று போலத்தானே இருக்கிறது? கல்லாப்பெட்டி மாதிரி.

ஷார்ஜா மாமா: மெல்லிசானதை எடுங்கள் மச்சான். ஒரு கிலோ சொச்சம்தான். பிள்ளை தினமும் ராமநாதபுரத்துக்கு பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போக வேண்டாமா?

நான்: நடுவில் சிவப்பாக என்ன அது?

சென்னை அண்ணன்: போச்சு. எங்கப்பா டைப் செய்ய ஆரம்பித்துவிட்டார்.

பெரியப்பா: ஜி, எச், பி மூன்று எழுத்துக்கும் நடுவில் இருக்கிற அந்தக் குமிழ்தான் மவுஸ். விரலால் எந்தப் பக்கம் அழுத்துகிறாயோ அந்தப் பக்கம் அம்பு ஓடும். விசையை விட்டுக் கை எடுக்கவே வேண்டாம். 1992-ல் ஐபிஎம் கம்பெனி 700சி என்ற திங்க்பேட்டை விட்டபோதே அது இருந்தது. வடிவம் கொடுத்தவர் ரிச்சர்ட் சாப்பர். ஜப்பான்காரர்களின் சாப்பாட்டுப் பெட்டிதான் அவருக்கு மாதிரி. மூடினால் வெறும் கறுப்புப் பலகை, திறந்தால்தான் உள்ளே இருப்பது தெரியும். 10.4 அங்குலத் திரை, 120 எம்பி டிஸ்க், விலை 4,350 டாலர்.

அத்தை: 120 எம்பியா? அண்ணே, நீங்கள் காலையில் அனுப்பிய கோயில் வீடியோவே அதில் பாதியை அடைத்துவிடும்.

பெரியப்பா: கேலி செய். 1993-ல் ஹப்பிள் தொலைநோக்கியைப் பழுது பார்க்கப் போன விண்கலத்தில் திங்க்பேட் போயிருக்கிறது. ஆனால் எனக்குப் பிடித்தது 1995-ல் வந்த 701சி. பெட்டி சின்னது, விசைப்பலகை பெரியது. எப்படி அடக்கினார்கள் தெரியுமா? விசைப்பலகையை இரண்டு துண்டாக்கி விட்டார்கள். மூடியைத் திறக்கத் திறக்க இரண்டும் நகர்ந்து வந்து பொருந்தி, பெட்டிக்கு வெளியே இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு நிற்கும். மூடினால் திரும்ப உள்ளே போய்விடும். நம் பழைய பாலம் கப்பலுக்கு இரண்டு கையையும் தூக்கி வழி விடுமே, அந்த மாதிரி வேலை.

ஷார்ஜா மாமா: பாலமே மாறிவிட்டது அண்ணே. இப்போது நேராக மேலே தூக்குகிற பாலம்.

பெரியப்பா: இதுவும் அப்படித்தான் மாறிப்போனது. திரை பெரிதானதும் அந்த வித்தைக்கு வேலை இல்லை. 2005-ல் ஐபிஎம்மிடமிருந்து திங்க்பேட்டை லெனோவோ கம்பெனி வாங்கியது. 2012-ல் பழைய ஏழு வரிசை விசைப்பலகையை எடுத்துவிட்டார்கள். 2013-ல் குமிழுக்கான தனிப் பொத்தான்களையும் எடுத்தார்கள், ஆட்கள் திட்டித் தீர்த்ததும் 2015-ல் திரும்பக் கொடுத்தார்கள். 2025-ல் எக்ஸ்9 என்று ஒன்று விட்டார்கள், குமிழே கிடையாது. உப்பு போடாத கருவாடு.

நான்: பெரியப்பா, உங்களிடம் ஒன்று இருந்ததே?

பெரியப்பா: டி42. பிரவுசிங் சென்டர் நடத்திய காலத்தில் வாங்கியது. அதன் குமிழை உன் அண்ணன் நாலு வயதில் கடித்துத் துப்பிவிட்டான். பென்சில் நுனி ரப்பரை பிளேடால் நறுக்கி, அடியில் குழி தோண்டி மாட்டினேன். இரண்டு வருஷம் ஓடியது.

சென்னை அண்ணன்: குழுவில் சொல்ல வேண்டிய கதையா இது?

அப்பா: அண்ணே, கதை இருக்கட்டும். எதை வாங்க?

பெரியப்பா: டி480. எக்ஸ்1-ல் ரேம் என்கிற நினைவகத்தை போர்டோடு பற்றவைத்திருக்கும், பிறகு கூட்ட முடியாது. டி480-ல் ரேம் மாட்ட இரண்டு ஸ்லாட். பேட்டரியும் இரண்டு, உள்ளே ஒன்று, பின்னால் கழற்றி மாட்டுகிறது ஒன்று. அடுத்த வருஷம் வந்த டி490-ல் அந்தப் பின் பேட்டரியை ஒழித்துவிட்டார்கள். நம் ஊரில் கச்சான் காற்று அடித்தால் ஜன்னல் கம்பியே பொரிந்துபோகிறது. சார்ஜர் துளையில் களிம்பு ஏறும், ஃபேன் இறுகும். ஸ்க்ரூ டிரைவர் எடுத்து நாமே மாற்ற முடிகிற பெட்டிதான் இங்கே தாங்கும்.

ஷார்ஜா மாமா: சரி, கனம் பிள்ளை பாடு.

அப்பா: டவுனில் ஒரு கடைக்காரர் டி470 இதைவிடக் குறைத்துத் தருகிறேன் என்றார். அதுவும் இதே மாதிரிதான் என்கிறார்.

சென்னை அண்ணன்: பார்க்க அப்படித்தான் இருக்கும், வேண்டாம் சித்தப்பா. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. விண்டோஸ் 11 ஏற்கிற பிராசஸர் பட்டியலில் டி470-ன் பிராசஸர் இல்லை. நான் பார்த்த டி480-ல் இருப்பது இன்டெல் எட்டாம் தலைமுறை பிராசஸர், அது பட்டியலில் இருக்கிறது. ஒரு எண்தான் வித்தியாசம், ஆனால் அங்கேதான் கோடு.

அப்பா: அப்போ டி480. போட் கரைக்கு வந்ததும் பணம் போடுகிறேன்.

அத்தை: ராத்திரி ஜன்னல் ஓரத்தில் வைக்காதே பாப்பா. துணி போட்டு மூடி பீரோவில் வை.

நான்: சரி அத்தை. அண்ணா, குமிழ் மட்டும் இரண்டு கூடுதலாக வாங்கி வா.

சென்னை அண்ணன்: எதற்கு? நான் இப்போது கடிப்பதில்லை.

அத்தை: என் பேரனுக்குப் பல் முளைத்திருக்கிறது. வாங்கியே வா.